பிரியாணி சமைக்க ஒரு மெடிக்கல் சர்டிபிகேட்

போன மாதம் வேங்கிக்காலில் ஒரு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். அங்கே பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஒரு வித்தை தெரியுமாம். ஒரே ஆள் வாங்கும் இரண்டு மருந்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாதவை என்றால் சிவப்பு எழுத்தில் எச்சரித்துவிடுமாம். கடையில் வேலை பார்க்கும் பெண் எனக்குப் பெருமையாகக் காட்டினாள். நானும் ஒரு காலத்தில் கம்பவுண்டர்தான் என்று சொன்னதும், "உங்க காலத்துல இதெல்லாம் எப்பிடிங்க ஐயா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு எனாமல் தட்டு இருந்திச்சும்மா" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. வீட்டில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை விவசாயம். பள்ளிக்கூடம் முடித்ததும் டவுனில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்தேன். கம்பவுண்டர் பரீட்சையை இரண்டாம் தடவையில் பாஸ் செய்தேன். முதல் தடவையைப் பற்றிப் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

அந்தக் காலத்தில் டாக்டர் சீட்டில் எழுதுவார், கம்பவுண்டர் உள்ளறையில் மிக்சர் கலந்து பாட்டிலில் ஊற்றித் தருவான். பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். எண்ணெய் பாட்டில், சாராய பாட்டில், ஒரு தடவை மண்ணெண்ணெய் வாசனை போகாத பாட்டிலும் வந்தது. ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகப் பாட்டிலின் முதுகில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவோம். அதன் ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டியிருப்போம், ஒரு பல் ஒரு வேளை. மற்ற கம்பவுண்டர்கள் காகிதத்தை மடித்து அவசரமாக நாலு வெட்டு வெட்டுவார்கள். நான் ஒவ்வொரு பல்லின் நுனியையும் லேசாகக் கிள்ளி வட்டமாக்கிவிடுவேன். திருவண்ணாமலை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு பல் வேறு யாரும் வெட்ட மாட்டார்கள் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம்தான் பின்னால் என்னைக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் டாக்டர் ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார், சாப்பிடும்போது சுத்தமாகப் பேச மாட்டார். என்னைச் சாதாரணமாக "ஏய்யா" என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். "சார்" என்பார். நான் சேர்ந்த முதல் ஒன்பது வருடத்தில் மூன்றே தடவை அவர் வாயால் "சார்" கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எனாமல் தட்டு அவருடைய ஏற்பாடு. அறுபது வயதைத் தாண்டியவர்கள் யார் வந்தாலும், முதலில் வீட்டில் இருக்கும் மருந்து அத்தனையையும் கொண்டுவந்து அந்த வெள்ளைத் தட்டில் கொட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் நாடி பார்ப்பார். "வயசானவங்க ஒடம்புல மருந்து சீக்கிரம் வெளிய போவாதுய்யா. வந்த விருந்தாளி திண்டு போட்டு உக்காந்துக்குற மாதிரி உக்காந்துக்கும். உள்ள யாரு யாரு இருக்காங்கன்னு தெரியாம நாம இன்னொருத்தன அனுப்பக் கூடாது" என்பார்.

தட்டில் என்னென்னவோ விழுந்திருக்கிறது. சட்டைப் பித்தான், அந்துருண்டை, செத்துப்போன மாமனாரின் ஆஸ்துமா மாத்திரை. ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கொட்டியதில் தட்டே போதாமல் இன்னொரு தட்டு எடுத்தோம். வேட்டவலம் ரோட்டிலிருந்து வந்த ஒருவர் கொட்டியதில் பெரிய சாம்பல் நிற மாத்திரை ஒன்று இருந்தது. என்னவென்று கேட்டோம். "அது மாட்டுக்குக் குடுத்ததுங்க. மாட்டுக்கு நல்லா கேட்டுச்சு, அதான் நானும் பாதி போட்டுக்கினேன்" என்றார். டாக்டர் அவரையும் ஒன்றும் சொல்லவில்லை. மாடு எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார்.

இந்தத் தட்டு விதிக்கு ஒரே ஒருவருக்குத்தான் விலக்கு இருந்தது. அந்த விலக்கை அளித்தவன் நான். டாக்டருக்கு அது தெரியாது.

அவர் சத்தார் பாய். ஊரில் கல்யாணப் பிரியாணி என்றால் அவர்தான். எழுபது வயது, தோள்பட்டை இன்னும் அகலமாக இருக்கும். அடுப்புப் பக்கத்தில் நின்று நின்று வயிற்றில் எப்போதும் ஒரு பிசைவு. ஒரு தடவை டாக்டர் அவருக்கு வயிற்று மிக்சர் எழுதிக் கொடுத்தார், நாலு நாளைக்கு. பாய் தெரிந்தவர்தானே, தட்டில் கொட்ட ஒன்றுமிருக்காது என்று அன்று நானே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அது நன்றாகக் கேட்டது. அடுத்த வாரம் பாய் காலிப் பாட்டிலோடு என் ஜன்னல் பக்கமாக வந்தார். "தம்பி, டாக்டரை ஏன் தொந்தரவு பண்ணணும், இதையே ரொப்பிக் குடுத்துடு" என்றார். இன்னொரு கையில் ஒரு வாழை இலைப் பொட்டலம் இருந்தது. உள்ளே என்ன என்று மூக்கு சொன்னது. ரொப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வாரம் ஒரு பாட்டில், வாரம் ஒரு பொட்டலம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாட்டில்தான் முதல் வில்லங்கம் வந்தது. பாய் சோற்றுக்கு உப்புப் போட்டார். சற்று நேரம் கழித்து, போடவில்லையே என்று மறுபடியும் போட்டார். ருசி பார்த்தார். கம்மியாக இருக்கிறது என்று மூன்றாவதாகவும் போட்டார். அன்று மத்தியானம் அந்தத் தெருவில் சோடா, கலர், மோர், கடைசியில் கிணற்றுத் தண்ணீர் வரைக்கும் தீர்ந்துபோனது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் சாயந்திரம் வரை பேசவே இல்லை, நாக்கு ஒட்டிக்கொண்டதாம்.

ஒரு தடவை யாருக்கும் தவறும் என்று விட்டார்கள். அடுத்த மாதம் ஒரு விசேஷத்தில் பாய் அண்டாவுக்கு மூடி போட்டு, மாவு பூசி, ஒரு மணி நேரம் காத்திருந்து திறந்தார். அடியில் நெருப்பே வைக்கவில்லை. மகன் அன்வரை, என்றோ இறந்துபோன தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உச்சமாக, ஒரு நாள் சாயந்திரம் தன் தெரு முனையிலேயே நின்றுகொண்டு ஒரு ஆளிடம், "இங்க சமையல்கார சத்தார் பாய் வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் பாய் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து, "அவரு ரொம்ப மோசமான ஆளாச்சே, அவருகிட்ட உங்களுக்கென்ன வேல?" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பாய் அங்கேயே இருட்டும்வரை நின்றிருக்கிறார்.

வயசாகிவிட்டது என்றார்கள். தர்காவில் தாயத்துக் கட்டினார்கள். இரண்டு மாதத்தில் பேத்தி பர்வீனுக்குக் கல்யாணம். அன்வரின் மூத்த மகள். அவள் பிறந்த அன்றே, இவள் கல்யாணத்துக்கு அண்டா வைப்பது என் கைதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் பாய். இப்போது அன்வர் வேலூரிலிருந்து வேறொரு மாஸ்டரைப் பேசிவிட்டான். அதைக் கேட்ட அன்றிலிருந்து பாய் சாப்பிடவில்லை. சாப்பிடாததற்காகத்தான் அன்வர் அவரை எங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தான், அதுவும் முன்வாசல் வழியாக. வந்த இடத்தில் மறதியைப் பற்றியும் டாக்டரிடம் சொன்னான்.

"இன்னிக்கு என்ன கெழமை பாய்?" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"வெள்ளியா இருந்தா பள்ளிவாசலுக்குப் போயிருப்பேனே."

"அப்ப என்ன கெழமை?"

"வெள்ளி இல்ல."

"பிரதம மந்திரி யாரு?"

"யாரா இருந்தாலும் எங்கிட்ட சமைக்கச் சொல்லல."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சற்று யோசித்து, "சரி, நூறு பேருக்குப் பிரியாணி. என்னென்ன, எவ்வளவு எவ்வளவு? சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்வி எந்த டாக்டர் புத்தகத்திலும் இருக்காது.

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பத்து கிலோ அரிசி. பத்து கிலோ கறி. வெங்காயம்..." நின்றார். "வெங்காயம்... அன்வர், வெங்காயம் வந்திச்சா?" பாயின் கண் நிறைந்துவிட்டது. "தெரியாம இல்ல டாக்டரே. உள்ளதான் இருக்குது. எடுக்கப் போனா கை எட்டல."

டாக்டர் அவர் தோளைத் தொட்டு, நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏய்யா ஏழுமலை, இங்க வந்து பாரு." நாக்கு சாக்குத் துணி மாதிரி வறண்டிருந்தது. கண்ணின் பாப்பா விரிந்திருந்தது. மலம் சரியாகப் போகிறதா, சிறுநீர் தடையில்லாமல் வருகிறதா என்று கேட்டார். இரண்டுமே தகராறுதான் என்றான் அன்வர்.

"இந்த நாக்கால உப்புப் பாத்தா என்னய்யா தெரியும்?" என்றார் டாக்டர். "மறதி வயசால வரலாம். நாக்கு வயசால இப்பிடிக் காயாது. அன்வர், ஊட்டுக்குப் போயி இவரு முழுங்குறது, குடிக்கிறது எல்லாத்தையும் எடுத்துக்கினு வா."

அன்வர் சைக்கிளில் போய் அரை மணியில் ஒரு துணிப்பையோடு வந்தான். தட்டில் கொட்டினான்.

முதலில் மஞ்சள் மாத்திரைகள். தும்மலுக்கும் அரிப்புக்கும் தரும் சாதாரண மாத்திரைதான். மூன்று வருடத்துக்கு முன்னால் மிளகாய்த்தூள் நெடிக்குத் தும்மல் வந்தபோது டாக்டரே ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, கடைக்குக் கடை காட்டி வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஒரு நாளைக்கு எத்தினி போடுறீங்க?"

"தும்மல் வந்தா ஒண்ணு. வரக் கூடாதுன்னு ஒண்ணு."

அடுத்து, ராத்திரித் தூக்கத்துக்கு மெட்ராஸிலிருந்து சம்பந்தி கொண்டுவந்து கொடுத்த மாத்திரை. சம்பந்திக்கு டாக்டர் எழுதியது, மீந்ததைப் பாய்க்கு அன்பளிப்பாகத் தந்துவிட்டார்.

கடைசியாகப் பையிலிருந்து ஒரு பாட்டில் உருண்டு வந்து, தட்டின் விளிம்பில் முட்டி, எனக்கு முதுகைக் காட்டி நின்றது. முதுகில் காகிதப் பட்டை. பட்டையில் பல். ஒவ்வொரு பல்லின் நுனியும் வட்டமாகக் கிள்ளியிருந்தது.

டாக்டர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சார்" என்றார். "இந்தப் பல்லு யாரு சார் வெட்டினது?"

"நான்தாங்க."

"எத்தினி நாளா சார்?"

"ஒன்றரை வருஷமாங்க. பாய் தெரிஞ்சவருன்னு..."

"பிரியாணி நல்லா இருந்திச்சா சார்?"

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை வேறு எந்த நாளும் பட்டதில்லை. வாரா வாரம் அந்த மனிதரின் ஞாபகத்தைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பாட்டிலை ரொப்பிக் கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் அன்வரிடம் பொறுமையாக விளக்கினார். மஞ்சள் மாத்திரையும் வயிற்று மிக்சரும் தும்மலையும் பிசைவையும் அடக்கும்போதே வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், வயசானவர்களுக்கு மூளையிலும் மூட்டம் போடும். தூக்க மாத்திரை அந்த மூட்டத்தைப் பகலுக்கும் இழுத்துக்கொண்டு வரும். "மூணும் தனித்தனியா நல்லவனுங்கதான். நாலஞ்சு நாளு வந்துட்டுப் போனா ஒண்ணும் பண்ண மாட்டானுங்க. வருஷக்கணக்கா ஒண்ணாக் குடியேறினதுதான் தப்பு."

"அப்ப நிறுத்திட்டா அத்தாவுக்கு சரியாயிடுங்களா?"

"தெரியாது" என்றார் டாக்டர். "மருந்தால வந்த மறதின்னா போவும். வயசால வந்ததுன்னா போவாது. நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தினம் காலையில கிளினிக் தொறக்கிறதுக்கு முன்னால நீங்க பாய் வீட்டுக்குப் போறீங்க சார்."

மஞ்சள் மாத்திரையும் மிக்சரும் அன்றோடு நின்றன. தூக்க மாத்திரையை மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். அதனால் நான் தினமும் ஒரு பிளேடோடு போவேன். முதலில் முக்கால், பிறகு பாதி, பிறகு கால். உளுந்தம்பருப்பு அளவுள்ள மாத்திரையைக் கால் பங்காக வெட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பிழைப்பு. ஒரு துண்டு பர்வீனின் கல்யாண ஜாக்கெட் துணிக்குள் தெறித்து, அந்த வீடே அரை மணி நேரம் தேடியது.

முதல் இரண்டு வாரம் படுமோசம். பாய்க்கு ராத்திரியில் தூக்கமில்லை, பகலில் தும்மல். ஒரு மூச்சில் பதினெட்டு தும்மல் வரை நானே எண்ணியிருக்கிறேன். மிளகாய் அரைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வயிற்றுக்கு, ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோடு முடியுங்கள் என்று சொன்னதையும் சொன்னேன். பாய் என்னை முறைத்தார்.

"குடுத்தப்பவும் நீதான் குடுத்த. புடுங்குறப்பவும் நீயேதான் வர்ற. உனக்கு வேற வேலையே இல்லியா?"

தினமும் மாத்திரை கொடுத்தபின் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நூறு பேருக்குப் பிரியாணி. எனக்கு விடை தெரியாது என்பதால் அன்வர் பக்கத்தில் பரீட்சை வாத்தியார் மாதிரி நிற்பான். முதல் வாரம் வெங்காயத்தைத் தாண்டவில்லை. ஒன்பதாம் நாள் வெங்காயம் வந்தது. பதினைந்தாம் நாள் இஞ்சியும் பூண்டும் வந்தன, ஆனால் மறுநாள் வெங்காயம் காணாமல் போய்விட்டது. அன்று நான் கிளினிக்குக்குப் போகும் வழியெல்லாம் அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு போனேன். பாய் வீட்டு விஷயத்துக்கு அவரிடம் மனுப் போடலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

நாலாம் வாரக் கடைசியில் ஒரு காலை. பாய் அரிசியில் ஆரம்பித்துத் தக்காளி, தயிர், புதினா என்று நிற்காமல் வந்துகொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் என்றதும் அன்வர் ஆர்வத்தில், "இருபது" என்று எடுத்துக் கொடுத்தான்.

பாய் அவனைத் திரும்பிப் பார்த்தார். "இருபதா? பத்து போதும்டா. அதான் நீ செஞ்சா புளிப்பு ஜாஸ்தியா இருக்குது."

அன்வருக்கு ஒரு நொடி கோபம் வந்தது. அடுத்த நொடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். நானும் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அன்வருக்குத் துணிவு வரவில்லை. நானூறு பேர் வரும் கல்யாணம். வேலூர் மாஸ்டரை நிறுத்தலாமா வேண்டாமா என்று குழம்பினான். கடைசியில் பாயே அவனை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். "என் வார்த்தைய இவன் நம்ப மாட்டான் டாக்டரே. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

டாக்டர் அவரை மறுபடி நாக்கு நீட்டச் சொல்லிப் பார்த்தார். நூறு பேருக்குக் கேட்டார், இருநூறு பேருக்கும் கேட்டார். பிறகு லெட்டர் பேடை எடுத்து, வேலைக்குச் சேர்பவர்களுக்கு எழுதுவது போலவே இங்கிலீஷில் எழுதினார். இன்னாரை நான் பரிசோதித்தேன், நானூறு பேருக்குப் பிரியாணி சமைக்க உடலாலும் மனதாலும் தகுதியானவர் என்று. கையெழுத்துப் போட்டார். நான் முத்திரை குத்தினேன். என் வாழ்க்கையில் நான் குத்திய முத்திரைகளில் அதைத்தான் அழுத்திக் குத்தினேன்.

பாய் அதை நாலாக மடித்து ஜிப்பா பாக்கெட்டில் வைத்துக்கொண்டே, இருவரும் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று அழைத்தார். அதற்குள் டாக்டர் எழுந்து, திரும்பி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். ஏதோ பதில் சொன்னார். குழாய்ச் சத்தத்தில் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கல்யாணம் செங்கம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்களை ஒரு ஓரமாகத் தனியே உட்கார வைத்து, உள்ளேயிருந்து இரண்டு தட்டுகள் கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஆசையாக ஒரு வாய் எடுத்தேன்.

உப்பு இல்லை. சப்பென்று இருந்தது.

இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தேன், அதுவும் அப்படியே. நானூறு பேர். டாக்டரின் கையெழுத்து. நான் அழுத்திக் குத்திய முத்திரை. ஓரக்கண்ணால் டாக்டரைப் பார்த்தேன். வழக்கம்போல் ஒன்றும் பேசாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன்.

பாய் அண்டாக்களுக்கு நடுவில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஒரு முக்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பாய்... உப்பு..."

"உப்புக்கு என்னா?"

"இல்ல பாய். உப்பே இல்ல."

பாய் என் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்குத் துணியை இறக்கினார். "இத யாரு உனக்கு வெச்சது? இது டாக்டருக்கு வெச்சதாச்சே." ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பாத்திரத்தைக் காட்டினார். "அன்னிக்கிக் கை கழுவிக்கினே சொன்னாரே, எனக்குப் பிரஷரு இருக்குது பாய், உப்பு கம்மியாத்தான் சாப்பிடுவேன், வந்து மோர் மட்டும் குடிச்சிட்டுப் போறேன்னு. நம்ம வூட்டுக் கல்யாணத்துல அவரு மோர் குடிச்சிட்டுப் போறதா? அவருக்குத் தனியா வெச்சேன். ரெண்டு பேரும் கிளினிக்குன்னு உனக்கும் அதுலயே போட்டுட்டானுங்க."

கிளினிக்கில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் நான். ஒன்பது வருடமாகக் கூட இருப்பவனும் நான்தான். எனக்கு அது காதிலும் விழவில்லை, ஞாபகத்திலும் இல்லை.

பாய் பெரிய அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் தட்டில் போட்டார். வாயில் வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

"பொகைக்கித் தும்மல்தான வரும்?" என்றார் பாய். "மஞ்ச மாத்திரை ஒண்ணு போட்டுக்கிறியா?" அண்டாக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது டாக்டர் தட்டைத் துடைத்தாற்போலக் காலி செய்திருந்தார். எட்டு வாரமாக என்னைச் "சார்" என்று மட்டுமே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், என் தட்டை எட்டிப் பார்த்தார்.

"எங்கய்யா ஓடிட்ட?" என்றார். "உக்காந்து சாப்புடுய்யா. உப்பு கரெக்டா இருக்குது."